மூன்று துவக்குப் போட்டிக்கு ஆசைப்படும் கொட்டகலைத் தம்பிக்கு

கிரீன் கார்ட் லொத்தரில் கொட்டகலையில் இருந்து டெக்சாஸ் போய் நாலு மாசமான தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘த்ரீ கன்’ போட்டி (ரைபிள், ஷொட்கன், பிஸ்டல் மூன்றையும் மாற்றி மாற்றி ஓடிச் சுடும் விளையாட்டு) பார்க்க அழைத்துப் போனாராம். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லையாம். என்னென்ன துவக்கு வாங்குவது, எவ்வளவு முடியும், நம்ம ஆட்களுக்கு இது சரிப்படுமா?

தம்பி, நான் இப்போது லீவில் அப்புத்தளையில் அக்கா வீட்டில் இருக்கிறேன். பின்னேரம் மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கிவிட்டது, வெளியே போக வழியில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சின்ன வயதில் நமக்குத் துவக்கு என்றால் என்ன? தியத்தலாவை இராணுவ முகாம் பக்கமிருந்து காற்றில் வரும் பட பட சத்தம். பன்றிக்காகக் காட்டோரம் எவனோ கட்டி வைத்த கட்டுத்துவக்கு. அப்புறம் செக் பொயின்ட். இந்த மூன்றையும் பார்த்து வளர்ந்தவன் 9 வருஷமாக டெக்சாஸ் வெயிலில் மூன்று துவக்கோடு ஓடுகிறேன் என்றால் அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

சரி, பதில். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள்.

முதலில் விசா. நீங்கள் லொத்தரில் போனவர், கையில் நிரந்தர வதிவிடம் இருக்கிறது, வாங்குவதற்கு அமெரிக்கச் சட்டம் தடுக்காது. ஆனால் உங்களோடு அறையில் இருக்கும் நண்பர் மாணவர் விசாவிலோ எச்-1பி என்ற வேலை விசாவிலோ இருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட தற்காலிக விசாக்காரர் துவக்கையோ தோட்டாவையோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் “சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்” என்று அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் ஒரு வரி பொய் எழுதினாலும் குற்றம்தான். கஞ்சா பற்றியும் கேள்வி இருக்கிறது, மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் அது செல்லாது என்று அந்தப் படிவத்திலேயே போட்டிருக்கும். ரைபிளுக்கும் ஷொட்கன்னுக்கும் 18 வயது, கடையில் பிஸ்டல் வாங்க 21. அமெரிக்காவில் பிறந்தவன் துவக்கு விஷயத்தில் தவறு செய்தால் தண்டனையோடு போகும். நமக்கு அதற்கு மேலே நாடு கடத்தலும் இருக்கிறது. எத்தனையோ கஷ்டத்தில் கிடைத்த கார்ட், மறக்க வேண்டாம்.

அடுத்தது, நாலு போட்டிக்கு வெறுங்கையோடு போங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் போதும். ஒருவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் ஓடிப்போய் அட்டையில் ஓட்டை விழுந்த இடத்தில் டேப் ஒட்டி, விழுந்த இரும்புத் தட்டை நிமிர்த்தி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாது. டேப் ஒட்டுகிறவனை எல்லாருக்கும் பிடிக்கும். மூன்றாவது போட்டியில் யாராவது ஒருவர், “என்னுடையதை எடுத்துச் சுடு” என்பார். பத்தாயிரம் டொலர் பெறுமதியான சாமான்களை முன்பின் தெரியாத என்னிடம் நீட்டிய மனுஷர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

டேப் ஒட்டும்போது கட்டளைகளைக் காது கொடுத்துக் கேளுங்கள். ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், போட்டியை நடத்தும் ரேஞ்ச் ஒபிசர் சொல்லாமல் துவக்கைத் தொடக்கூடாது, தோட்டா போடக்கூடாது. சொன்ன பிறகு லோட் பண்ணி நின்றால், ‘ஸ்டாண்ட் பை’ என்பார், பீப் சத்தம் வரும். நூறு, இருநூறு யார் தூரத்துத் தட்டுகளை ரைபிளால் அடித்து, அதை சேஃப்டி போட்டு பீப்பாய்க்குள் வைத்துவிட்டு ஓட வேண்டும். அடுத்து ஷொட்கன், பிறகு பிஸ்டல். ஒவ்வொரு சுற்றையும் ஸ்டேஜ் என்பார்கள், ஒழுங்கு ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறும். எடுத்த நேரம்தான் மதிப்பெண், தப்பவிட்ட இலக்குக்கு மேலும் சில விநாடிகளைக் கூட்டுவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விதி 180 பாகை. இலக்குகளுக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேட்டைப் பார்த்து நிற்கும்போது, உங்கள் இரண்டு தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பினாலும் அந்தச் சுவர் திரும்பாது. துவக்கின் வாய் அந்தச் சுவரைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. என் இரண்டாவது போட்டியிலேயே அது நடந்தது. நான் வலது கைக்காரன். வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கம் ஓடிக்கொண்டே பிஸ்டலுக்கு மெகசின் (தோட்டாக் கூடு) மாற்றினேன். மாற்றும்போது கை தானாகவே வாயை இடப்பக்கம் சாய்க்கும், உடம்போ ஏற்கெனவே இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. பின்னால் நின்றவர் “ஸ்டொப்!” என்று கத்தினார். யாரும் திட்டவில்லை, தோளைத் தட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழாத குறை. இன்றைக்கும் இடப்பக்கம் ஓடும்போது மெகசின் மாற்றுவதென்றால் முதலில் வாயை எதிரே மண்மேட்டுக்குக் குத்திட்ட பிறகுதான் காலை எடுக்கிறேன்.

அப்புறம் வாங்குவது. பிஸ்டலில் தொடங்குங்கள். குளொக் 17 மாதிரி ஒரு 9 மில்லிமீட்டர், 500, 600 டொலருக்குள் வரும். நாலைந்து மெகசின், தடித்த பெல்ட், ஓடினாலும் குதித்தாலும் துவக்கை விடாத ஹோல்ஸ்டர் என்ற இடுப்பு உறை. ஹோல்ஸ்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள், துவக்கு கீழே விழுந்தாலும் வீட்டுக்குத்தான். இது போதும், பிஸ்டல் போட்டிகளில் ஆறு மாசம் ஓடலாம். பிறகு ஏஆர்-15 ரைபிள், 223 அல்லது 5.56 தோட்டா ரகம், 700, 900 டொலர். அதற்கு 1 முதல் 6 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் ஒன்று, 300, 400. பிஸ்டலும் ரைபிளும் மட்டும் உள்ள ‘டூ கன்’ போட்டிகளும் இருக்கின்றன, அதில் ஒரு வருஷம் போகட்டும். எந்தப் பிரிவில் என்ன அனுமதி என்பது கழகத்துக்குக் கழகம் மாறும், விதிப் புத்தகத்தைப் படித்த பிறகு காசை எடுங்கள். மலிவு என்று தோட்டா வாங்கும்போது ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அநேக ரேஞ்சில் உள்ளே விட மாட்டார்கள், இரும்புத் தட்டைக் கெடுக்கும். 200 தோட்டாவோடு நான் திரும்பி வந்திருக்கிறேன்.

ஷொட்கன்னைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 12 கேஜ் அளவு, ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அடுத்த தோட்டா தானாக ஏறும் ரகம், கீழே தோட்டா அடைக்க நீளக் குழாய். தொடங்கும்போது பொதுவாக 9 தோட்டாதான், ஸ்டேஜிலோ இருபது இலக்கு இருக்கும். மீதியை ஓடிக்கொண்டே நீங்கள்தான் அடைக்க வேண்டும். இடுப்பில் இருந்து ஒரே பிடியில் நாலு தோட்டாவை அள்ளி, இரண்டு இரண்டாகப் பெருவிரலால் குழாய்க்குள் தள்ளுவார்கள். போட்டியில் நேரம் போவது சுடுவதில் இல்லை, இந்த அடைப்பில்தான்.

நேற்று அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டுக் காணியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் தோட்டத்தில் பேர் போட்டவர், பேர் என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு. என்னோடு பேசிக்கொண்டே, கண் என் முகத்தில், இரண்டு கையும் செடியில். விரல் நுனி இரண்டிலை ஒரு மொட்டைத் தடவித் தெரிந்து ஒடிக்கிறது, உள்ளங்கை நிறைந்ததும் கை தானாகத் தோளுக்கு மேலே போய்ச் சாக்கில் கொட்டுகிறது. “கையைப் பார்க்கவே மாட்டியா?” என்று கேட்டேன். “கையைப் பார்த்தா எடுக்கிறது? அப்படிப் பார்த்தா அரைப் பேர்தான் கிடைக்கும்” என்றார். தம்பி, தோட்டா அடைப்பது அச்சு அசல் இதுதான். மருந்தில்லாத டம்மி தோட்டா இருபது வாங்கி, நிஜத் தோட்டா இல்லாத அறையில் நின்று, தினமும் பத்து நிமிஷம். கண் சுவரில் இருக்கட்டும். எனக்கு நாலில் இரண்டு கீழே விழாமல் போவதற்கே எட்டு மாசம் பிடித்தது.

செலவு: மூன்று துவக்கு, ஸ்கோப், பெல்ட் எல்லாம் சேர்த்து சிக்கனமாக 2,500, 3,000 டொலர். ஒரு ஞாயிறு எனக்குத் தோட்டாவும் நுழைவுக் கட்டணமுமாக 130, 150 ஆகிறது. ரூபாயில் 45,000க்குக் கிட்டே வரும். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் கேட்டு நம்ம ஆட்கள் வருஷக்கணக்காகப் போராடி 2021 இல்தான் அது வந்தது. அந்தக் கணக்கில் 45 நாள் சம்பளம். அதனால் இப்போது மாசத்துக்கு ஒரு போட்டிதான் போகிறேன். நீங்களும் வீட்டுக்குக் காசு அனுப்பிய பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள்.

நம்ம ஆட்களுக்குச் சரிப்படுமா என்றால், விளையாட்டு சரிப்படும், படம் போடுவது சரிப்படாது. ரைபிளோடு நின்று படம் எடுத்துப் பேஸ்புக்கில் ஏற்றினால், அதற்கு விளக்கம் சொல்லப்போவது நீங்கள் இல்லை, கொட்டகலையில் இருக்கும் உங்கள் வீட்டார். லீவுக்கு வரும்போது ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையைக் கொண்டு வராதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் என் ஜக்கெட் மடிப்பில் ஒரு வெற்றுக் கோது இருந்திருக்கிறது. ஒரு விமான நிலையத்தில் அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தார்கள். சுட்டு முடித்த வெறும் பித்தளைதான், இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், பிளேன் போய்விட்டது. அதற்குப் பிறகு பயணத்துக்கென்று தனி உடுப்பு, தனிச் சப்பாத்து.

அடுத்த மாசம் 10 ஆம் திகதி திரும்புகிறேன். நீங்கள் ஹூஸ்டன் பக்கமா, டலஸ் பக்கமா என்று எழுதுங்கள். டலஸ் என்றால் அந்த மாசப் போட்டிக்கு என்னோடு வரலாம், டேப் நான் கொண்டு வருகிறேன். பழைய பெல்ட் ஒன்றும் சும்மா கிடக்கிறது, இடுப்பு 32 என்றால் உங்களுக்குச் சரியாக இருக்கும்.