முதல்முறையாக, குறைந்த பட்ஜெட்டில் குடும்பத்துக்கு ஒரு பழைய கேபின் மோட்டார் படகு வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், விடுமுறையில் படகிலேயே ஓரிரு இரவு தங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய படகோடு சில வருடங்களாக மல்லுக்கட்டி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேபினைக் கடைசியாகப் பாருங்கள். விற்பவர் பணம் போட்டுப் பளபளப்பாக்குவது அதைத்தான். செலவு வைக்கும் சமாச்சாரங்கள் எல்லாம் இன்ஜின் மூடிக்கு அடியிலும் தண்ணீர்மட்டத்துக்குக் கீழேயும் இருக்கின்றன.

முதலில் பணம். கையிலுள்ளதில் முக்கால் பங்குக்குப் படகு பாருங்கள், கால் பங்கு முதல் வருட ரிப்பேருக்கு இருக்கட்டும். படகு விலையில் பத்து சதவீதம் வருடப் பராமரிப்புக்கு ஆகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மலிவான பழைய படகுக்கு இந்தக் கணக்கு உதைக்கும். நிறுத்துமிடக் கட்டணமும் அடிப்பாகத்துக்கு அடிக்கும் பெயிண்டும் படகின் நீளத்தைப் பொறுத்தவை. பாதி விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்காக யாரும் பாதிக் கட்டணம் வாங்க மாட்டார்கள்.

அதனால்தான் 22 முதல் 26 அடிக்குள் தேடுங்கள் என்கிறேன். விளம்பரத்தில் "ஆறு பேர் படுக்கலாம்" என்று இருந்தால், அதில் இரண்டு பேர் சாப்பாட்டு மேஜையை இறக்கிப் போட்டு அதன்மேல் படுப்பவர்கள். வீட்டில் எல்லாரையும் கூட்டிப்போய் ஒருமுறை படுக்கச் சொல்லிப் பாருங்கள்.

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆறு, கால்வாய் என்றால் வேகமே தேவைப்படாது. 25 அடிப் படகு 6, 7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகத்துக்குள் போகும்வரை சிக்கனமாக இருக்கும். அதைத் தாண்டி, தண்ணீர்மேல் எழும்பி ஓட வேண்டும் என்றால் டேங்க் கண்ணெதிரே இறங்கும். இரட்டை இன்ஜின் படகு சகாய விலைக்கு வந்தால் சந்தோஷப்படாதீர்கள், சர்வீஸ் பில்லும் இரட்டைதான்.

இந்த அளவுக்கு என் ஓட்டு அவுட்போர்டு மோட்டாருக்கு. வெளியே தொங்குகிறது, தூக்கி வைக்கலாம், கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். டீசல் நல்லதுதான், விலை அதிகம். பழைய படகுகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் உள்ளே பெட்ரோல் இன்ஜினும், பின்சுவருக்கு வெளியே ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் ஸ்டெர்ன் டிரைவ் என்ற பாகமும் உள்ளவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன், அந்த ஆவியை வெளியேற்றும் இன்ஜின் அறை விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, மூக்கை வைத்தும் பார்க்க வேண்டும். டிரைவ் படகோடு சேரும் இடத்தில் ரப்பர் உறை ஒன்று இருக்கும். அது கிழிந்தால், நிறுத்தி வைத்த இடத்திலேயே படகு மூழ்கலாம். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். உப்புத் தண்ணீரில் ஓடிய படகு என்றால் எக்ஸாஸ்ட் பாகங்களின் வயதையும் கேளுங்கள். அவை உள்ளிருந்தே அரித்து, கடைசியில் சிலிண்டருக்குள் தண்ணீரை விடும்.

"இருபது வருடத்தில் இருநூறு மணி நேரம்தான் ஓடியது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓடாமல் கிடந்த இன்ஜினைவிட, ஒழுங்காக ஓடி ஒழுங்காக சர்வீஸ் பார்த்த இன்ஜினையே நான் எடுப்பேன். பார்க்கப் போகும்போது, நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கலை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. அப்புறம் தண்ணீரில் முழு வேகத்துக்குக் கொண்டுபோய், இன்ஜினுக்குரிய ஆர்.பி.எம்மைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாவிட்டால் அடிப்பாகத்தில் அழுக்கு, பொருந்தாத ப்ரொப்பெல்லர் அல்லது தளர்ந்துபோன இன்ஜின்.

ஃபைபர் படகின் மேல்தளத்துக்குள் பல சமயம் மரம்தான் இருக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். நான் பார்க்கப் போன ஒரு படகில் குஷன், திரை எல்லாம் புத்தம் புதிது. கயிறு கட்டும் கொக்கி பக்கத்தில் தட்டியதும் சத்தம் 'தொப்' என்று அடங்கிவிட்டது. திருகு ஓட்டை வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி மரம் ஊறியிருந்தது. டிரைவ் மாட்டியிருக்கும் பின்சுவரில் இந்தச் சத்தம் கேட்டால் விலையே பேசாமல் வந்துவிடுங்கள், அந்த வேலை படகின் விலையையே தாண்டக்கூடும். அடிப்பாகத்துக் கொப்புளங்களுக்குத்தான் பலர் பயப்படுகிறார்கள். அதனால் படகு மூழ்குவது அபூர்வம்; விலையைக் குறைக்க அது நல்ல காரணம், அவ்வளவே.

இத்தனையும் தேறினால், படகைக் கரையேற்றி ஒரு சர்வேயரிடம், அதாவது படகைப் பரிசோதித்து அறிக்கை தரும் நிபுணரிடம், காட்டுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம். சர்வேயும் வெள்ளோட்டமும் திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன், இல்லாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். பழைய படகுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் அந்த சர்வே அறிக்கையைக் கேட்பார்கள். படகின் உடலில் பதித்திருக்கும் எண்ணும் காகிதத்திலுள்ள எண்ணும் ஒன்றா, அதன்மேல் கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.