நூறு பாட்டில் ஒயின் சேர்ந்துவிட்டது, நிலவறை இல்லாத வீட்டில் ஒயின் ஃப்ரிட்ஜை நம்பி வைக்கலாமா? எப்படிப்பட்டதை வாங்குவது?

தாராளமாக நம்பலாம். நானும் பல வருடங்களாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஃப்ரிட்ஜ் தேடுவதற்கு முன்னால் அந்த நூறு பாட்டிலையும் ஒருமுறை எடுத்துப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். விற்பனைக்கு வரும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்காகவே தயாரிக்கப்படுவது. திருகுமூடி போட்ட இளம் வெள்ளை ஒயின்களும் அன்றாடச் சிவப்பு ஒயின்களும் இருட்டான, குளிர்ச்சியான அலமாரியில் சில மாதம் நன்றாகவே இருக்கும். பரோலோ, நல்ல போர்டோ, ஜெர்மன் ரீஸ்லிங், விண்டேஜ் போர்ட் போல ஐந்து, பத்து வருடம் விட்டு வைக்க நினைப்பவற்றுக்குத்தான் ஃப்ரிட்ஜ் தேவை. இப்படிப் பிரித்தாலே எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிடும்.

அடுத்தது வெப்பநிலை. 12, 13 டிகிரி செல்சியஸ் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 11 ஆக இருந்தாலும் 15 ஆக இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை, ஏறி இறங்காமல் நிலையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் ஆக்சிஜன் புகுந்து ஒயின் சீக்கிரமே கிழடாகிவிடும். உங்களிடம் இருக்கும் பாட்டில்களின் கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேலுறைக்கு அடியில் கார்க் லேசாக மேடு தட்டியிருந்தாலோ, ஓரத்தில் பிசுபிசுப்பாகக் கசிந்து காய்ந்த தடம் இருந்தாலோ அது எங்கோ வெயில் பட்ட பாட்டிலாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை மேலும் காத்து வைக்காமல் திறந்து குடித்துவிடுங்கள்.

சிவப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என இரட்டை வெப்பநிலை உள்ள ஃப்ரிட்ஜ் வேண்டுமா என்று பலரும் குழம்புகிறார்கள். பாதுகாத்து வைக்க அது தேவையே இல்லை. சிவப்பு, வெள்ளை, ஷாம்பெயின் எல்லாமே அந்த 12, 13 டிகிரியில் ஒன்றாகப் படுத்துக் கிடக்கலாம். பரிமாறும் சூடுதான் வேறு. வெள்ளையைச் சாதாரண ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தால் போதும், சிவப்பைக் கொஞ்சம் முன்னதாக எடுத்து மேஜையில் வைத்தால் போதும்.

இனி இயந்திரம். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று சாதாரண ஃப்ரிட்ஜ் போலக் கம்ப்ரசர் உள்ளது. மற்றது தெர்மோஎலக்ட்ரிக். 1834இல் பெல்டியே கண்டறிந்த விளைவுதான் அதன் அடிப்படை: இரு வேறு கடத்திகள் சேருமிடம் வழியாக மின்சாரம் போனால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சத்தமும் அதிர்வும் குறைவு என்பதால் கேட்பவர்களுக்கு ஆசையாக இருக்கும். ஆனால் அறையின் சூட்டிலிருந்து பத்துப் பதினைந்து டிகிரி கீழே இறக்குவதற்கே அது திணறும். அறை 32 டிகிரி என்றால் உள்ளே 18, 20 டிகிரி இருக்கும். வருடம் முழுக்கக் குளிரூட்டிய அறையாக இருந்தால் தவிர, நீண்டகாலச் சேமிப்புக்கு அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கம்ப்ரசர் வகையையே வாங்குங்கள், வாங்கும்போது அதன் தட்பவெப்ப வகுப்பையும் பாருங்கள். உட்புறமோ பின்புறமோ ஒட்டியிருக்கும் தகட்டில் எழுத்தாகப் போட்டிருப்பார்கள். ‘என்’ (N) என்றால் 16 முதல் 32 டிகிரி வரையான அறைக்கு, ‘எஸ்டி’ (ST) என்றால் 38 வரை, ‘டி’ (T) என்றால் 43 வரை. கோடையில் உங்கள் அறை எவ்வளவு சுடும் என்று அளந்துவிட்டு இந்த எழுத்தைப் பார்த்து வாங்குவது, கண்ணாடிக் கதவின் அழகைப் பார்த்து வாங்குவதைவிட நூறு மடங்கு மேல்.

பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தோள் நிமிர்ந்த, ஒல்லியான 750 மில்லி போர்டோ பாட்டிலை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்கள். பர்கண்டி பாட்டில் வயிறு அகலம், ஷாம்பெயின் அதைவிடப் பருமன். அவற்றை நெருக்கமாக அடுக்கிய தட்டை இழுத்தால் மேல் தட்டின் அடிப்பாகம் லேபிளில் உரசி, காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வரும். உங்கள் சேமிப்பில் இந்த வகை நிறைய இருந்தால், சொன்ன எண்ணிக்கையில் நான்கில் மூன்று பங்குதான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுகளைக் கழற்ற முடிகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

பெரியது ஒன்றா, சிறியது இரண்டா? என் ஓட்டு இரண்டுக்கே. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். அப்புறம், ஒன்றை அடிக்கடி திறந்துகொண்டு, வருடக்கணக்கில் வைப்பவற்றை மற்றதில் தொந்தரவில்லாமல் விடலாம். எடையையும் மறக்கக் கூடாது: நிரம்பிய பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ வரும், கனமான ஷாம்பெயின் பாட்டில் அதற்கும் மேல். நூறு என்றால் ஃப்ரிட்ஜின் எடை சேராமலே 120 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். பின்பக்கம் சூடு விடும் மாதிரியை அலமாரிக்குள் திணிக்காதீர்கள், கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடிச் செத்துவிடும். அலமாரிக்குள் வைப்பதற்கென்றே முன்பக்கம் காற்றுத் துளை வைத்த மாதிரிகள் தனியாக உண்டு.

ஈரப்பதம் 50 முதல் 80 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. கார்க் போட்டதைப் படுக்க வையுங்கள், உள்ளே ஒயின் பட்டுக்கொண்டே இருந்தால் கார்க் காயாது. திருகுமூடிக்கு எப்படி வைத்தாலும் ஒன்றுதான். வெளிச்சம் உண்மையிலேயே கெடுதல்: ஒயினில் உள்ள ரைபோஃபிளேவின் ஒளியை உள்வாங்கி, கந்தகச் சேர்மங்களை உண்டாக்கி நாற்றம் வரவைக்கும். நிறமில்லாத கண்ணாடி பாட்டில்கள் இதில் ரொம்பவும் பாவம். அவற்றை அடித்தட்டில், உள்பக்கமாக வையுங்கள். கண்ணாடிக் கதவுள்ள ஃப்ரிட்ஜ்மேல் வெயில் விழவே கூடாது.

கதவில் மின்னும் எண் பெரும்பாலும் உணரி இருக்கும் இடத்துக் காற்றின் சூடுதான். ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதில் மெல்லிய உணரிக் கம்பியுள்ள வெப்பமானியை இறக்கி ஒருநாள் மேல்தட்டிலும் ஒருநாள் கீழ்த்தட்டிலும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வருவது சகஜம். நீண்டநாள் வைப்பவற்றைக் குளிர்ந்த தட்டுக்கு மாற்றிவிடலாம். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். நிரம்பிய ஃப்ரிட்ஜ் மெதுவாகத்தான் சூடேறும், சில மணி நேர மின்தடைக்கு ஒயின் அசையாது.

உள்ளே துடைக்கும்போது குளோரின் கலந்த பிளீச் வேண்டாம். அதிலிருந்து உருவாகும் சேர்மங்களைப் பூஞ்சை டிசிஏ என்ற பொருளாக மாற்றக்கூடும். கார்க் கெட்ட ஒயினில் வரும் நனைந்த அட்டை வாடை அதனுடையதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கலந்து துடைத்து, நன்றாகக் காயவிட்டு அடுக்குங்கள். அடுக்கும்போதே பெயர், வருடம், எந்தத் தட்டு, எந்த வருடத்துக்குள் திறக்க வேண்டும் என்று கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிட்டால் பின்னால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டியிருக்காது. வண்டல் படிந்த பழைய சிவப்பு ஒயினைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் முந்தைய நாளே எடுத்து நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்க அந்த நேரம் வேண்டும்.