மழையில் ஏழு ஊர்கள் (கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் அக்டோபர் கடைசியில் முதுகுப்பையோடு ஐரோப்பா கிளம்புகிறோம். பன்னிரண்டு நாள். ஆம்ஸ்டர்டாம், புரூஜ், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், கொலோன், பிராக், வியன்னா என்று ஏழு ஊர் போட்டிருக்கிறோம். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி அங்கிருந்தே திரும்புகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. இப்போது அங்கே வேலை பார்க்கும் சீனியர் ஒருவர், அந்த மாதத்தில் தினமும் மழை, ஒன்றும் பார்க்க முடியாது, மே மாதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். நிஜமாகவே வீண் செலவுதானா? எங்களில் ஒருவன் சுத்த சைவம், இன்னும் இரண்டு பேர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். சாப்பாட்டுக்கு என்ன வழி? விசா எந்த நாட்டுக்குப் போடுவது என்றும் குழப்பம்.

கோவையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

மழை பெய்யும் என்று உங்கள் சீனியர் சொன்னது சரி. ஒன்றும் பார்க்க முடியாது என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்னையில் ஓர் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, ஆம்ஸ்டர்டாமில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நமக்கு அது ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் அடித்துப் பெய்து தீர்ந்துவிடும், அவர்களுக்கு வருஷம் முழுக்கத் தூறித் தூறிப் பெய்கிறது. அந்தத் தூறலுக்காக அங்கே யாரும் வேலையை நிறுத்துவதில்லை. ஒரு கையில் குடை, மறு கையில் கைப்பிடி என்று சைக்கிளில் போய்க்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் பயணத்தைக் கெடுக்கப்போவது மழை இல்லை, அந்த ஏழு ஊர்ப் பட்டியல்தான். பன்னிரண்டு நாளில் ஏழு ஊர் என்றால் ஈரப் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையங்களைத்தான் பார்ப்பீர்கள். வியன்னா வரை போய்விட்டு ஆம்ஸ்டர்டாம் திரும்புவதற்கே ஓர் இரவு முழுக்க ரயிலில் போகும். இன்னொன்றும் உங்கள் கணக்கில் வந்திருக்காது: அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதற்குப் பிறகு ஆம்ஸ்டர்டாமில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வெளிச்சமே குறைவு, அதையும் ரயிலில் செலவழிப்பானேன்?

பிராக், வியன்னா, பாரிஸ் மூன்றையும் எடுத்துவிடுங்கள். (பாரிஸை எடுத்தால் ஒருவராவது கோபித்துக்கொள்வார் என்று தெரியும். லா ஷாப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் தோசை கிடைக்கும் என்ற ஆசை வேறு இருக்கும். இருந்தாலும் பாரிஸ் தனியாக ஒரு வாரம் கேட்கிற ஊர்.) மூன்று இரவு ஆம்ஸ்டர்டாம், ஐந்து இரவு பெல்ஜியத்தின் கென்ட், இரண்டு இரவு கொலோன், கடைசி இரவு மறுபடி ஆம்ஸ்டர்டாம். கென்ட் உங்கள் பட்டியலிலேயே இல்லை, ஆனால் தங்குவதற்கு அதைத்தான் சொல்வேன். பிரஸ்ஸல்ஸ் அரை மணி நேரம், புரூஜ் அதற்கும் குறைவு. பையை ஹாஸ்டலில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போய்வரலாம். காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்து, வானம் வெளுத்திருந்தால் புரூஜ், கொட்டினால் உள்ளூரிலேயே தேவாலயம் என்று அன்றன்றைக்கு முடிவு செய்துகொள்ளலாம். மழைக்காலத்தில் இந்த வசதிக்கு ஈடே இல்லை.

கென்ட்டின் புனித பாவோ தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் வரைந்த பீட ஓவியம் இருக்கிறது, 1432ல் முடிந்தது. கதவுபோலத் திறந்து மூடும் பலகைகள். 1934ல் அதில் ஒரு பலகையை யாரோ திருடிக்கொண்டு போனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த இடத்தில் ஒரு நகல்தான் நிற்கிறது. நீங்கள் பார்க்கவேண்டியது நடுவில் இருக்கும் ஆட்டுக்குட்டியின் முகம். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் சாதுவான ஆட்டு முகம் ஒன்றைப் பூசி மறைத்திருந்தார்கள். சமீபத்தில் சுத்தம் செய்து அந்தப் பூச்சை எடுத்தபோது, மனிதக் கண்கள்போல நேராக நம்மைப் பார்க்கும் இரண்டு கண்கள் வெளியே வந்தன. பலருக்கு அது பிடிக்கவில்லை, கேலி செய்தார்கள். எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடிக்கும். வெளியே மழை என்றால் அதன் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும் என்ற எண்ணமே வராது.

மழையிலேயே பிழைத்த ஊர்கள் நனையாமல் உலாவ இடம் கட்டிவைக்காமலா இருக்கும்? பிரஸ்ஸல்ஸில் செயின்ட் ஹியூபர்ட் காலரி என்று 1847ல் திறந்த ஒரு கடைத்தெரு, முழுக்கக் கண்ணாடிக் கூரை. ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கலாம். பக்கத்திலேயே கிராண்ட் பிளாஸ் சதுக்கம். 1695ல் பிரெஞ்சுப் படையின் பீரங்கிகள் அந்தச் சதுக்கத்தை ஏறக்குறைய தரைமட்டமாக்கின, வணிகர், கைவினைஞர் சங்கங்கள் போட்டி போட்டுக்கொண்டு சில ஆண்டுகளிலேயே திரும்பக் கட்டிவிட்டன. அதை இருட்டிய பிறகு பாருங்கள். நனைந்த கல்தரையில் விளக்கும் தங்க முலாமும் இறங்கிக் கிடக்கும், மே மாத வெயிலில் போனவர்களுக்கு அது கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்துக்கு அடியிலேயே ஒரு சைக்கிள் பாதை போகிறது, அந்த வளைவுக்குள் யாராவது இசைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அங்கே, நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் வீட்டுக்கு மட்டும் நேரில் டிக்கெட் கிடையாது. ஆறு வாரம் முன்னால், செவ்வாய்க்கிழமைதோறும் இணையத்தில் விடுவார்கள், விட்ட கையோடு தீர்ந்துவிடும். கொலோன் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரிலேயே தேவாலயம். 1248ல் தொடங்கி 1880ல்தான் முடித்தார்கள். மழையில் அந்தக் கல் கன்னங்கரேலென்று ஆகிவிடும். கோபுரத்துக்கு 533 படி, மேகம் இறங்கிய நாளில் ஏறாதீர்கள், மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

சரி, சாப்பாடு. பெல்ஜியத்தில் மழையில் நின்று சாப்பிடவேண்டியது பொரித்த உருளைக்கிழங்கு. முதலில் மிதமான சூட்டில் ஒரு தடவை பொரித்து ஆறவைப்பார்கள், நீங்கள் கேட்டதும் நல்ல சூட்டில் இரண்டாம் தடவை போட்டு எடுத்து, உப்பைத் தூவி ஒரு குலுக்கு குலுக்கி, காகிதக் கூம்பில் கொட்டி மேலே மயோனைஸ் வைத்துத் தருவார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மாவாய்க் கரையும், கூம்பின் சூடு குளிர்ந்த கைக்கு இதமாக இருக்கும். ஆனால் தம்பி, முறைப்படி அதை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், பல கடைகளில் இன்றும் அப்படித்தான். உருளைக்கிழங்குதானே என்று அந்த மூன்று பேரும் நிம்மதியாக வாங்கிவிடப் போகிறார்கள். தாவர எண்ணெயா என்று கேட்டு வாங்குங்கள், அப்படிப்பட்ட கடைகளும் உண்டு. சூப்புக்கும் இதே கேள்விதான், காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம்.

சைவ நண்பருக்குக் கென்ட்டில் கவலை இல்லை. 2009லிருந்து அந்த ஊரில் வியாழக்கிழமையைச் சைவ நாள் என்று வைத்திருக்கிறார்கள், மற்ற நாளிலும் சைவக் கடைகள் தாராளம். ஆம்ஸ்டர்டாமில் சுரிநாம்காரர்களின் ரொட்டிக் கடையைத் தேடுங்கள், சுரிநாம் தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்களின் காலனியாக இருந்த நாடு. 1873லிருந்து கல்கத்தாவில் கப்பலேறி சுரிநாமின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததி, 1975ல் அந்த நாடு விடுதலை பெற்றதையொட்டி நெதர்லாந்துக்கு வந்தது. மெல்லிய ரொட்டி, மசாலா உருளைக்கிழங்கு, நீளக் காராமணிக்காய் பொரியல், அவித்த முட்டை. முட்டை வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். கையால் பிய்த்துச் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. நான்கு பேரும் காலை முதல் இரவு வரை ஒட்டிக்கொண்டே அலையாதீர்கள். நண்பர்களுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் மத்தியானம் மூன்று மணிக்கு, பசியிலும் ஈரக் காலுறையிலும். பெல்ஜியத்தில் பல உணவகங்கள் இரண்டு மணிக்குச் சமையலறையை மூடினால் ஆறு மணிக்குத்தான் திறக்கும், இது தெரியாமல் கூகுள் மேப்பை வைத்துக்கொண்டு மழையில் ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டு நிற்கும் கூட்டத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். அப்புறம் ஓவியம் பார்க்கிறவர் அங்கே போகட்டும், தூங்குகிறவர் தூங்கட்டும், ராத்திரி சாப்பாட்டுக்குச் சேர்ந்தால் போதும், பேசவும் ஏதாவது இருக்கும். நவம்பர் 1 பெல்ஜியத்திலும் கொலோனிலும் அரசு விடுமுறை, பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், முந்தின நாளே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள்.

குடையை நம்பாதீர்கள். கடல்காற்றில் மழை பக்கவாட்டில் வரும், நம் ஊர்க் குடை முதல் நாளே மல்லாந்துவிடும். டெல்ஃப்ட் பல்கலைக்கழக மாணவர்கள் காற்றுக்கு வளையாத ஒரு குடையையே உட்கார்ந்து வடிவமைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பி வைத்த மழை ஜாக்கெட், தண்ணீர் புகாத ஷூ, இந்த இரண்டுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஷூ நனைந்துவிட்டால் ராத்திரி உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள்.

விசா: இந்த நாடுகளுக்கெல்லாம் ஒரே ஷெங்கன் விசாதான். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. நான் சொன்ன கணக்கில் நெதர்லாந்து நான்கு இரவு, பெல்ஜியம் ஐந்து, அதனால் விமானம் ஆம்ஸ்டர்டாமில் இறங்கினாலும் பெல்ஜியத்துக்குப் போடுங்கள். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். டிக்கெட் எடுத்துவிட்டு விசாவை யோசிக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், நேரம் பதிவு செய்யும் வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா