பீனால், அசிட்டோன் ஆலை: நம் ஊர்க்காரர்கள் கேட்டதும் என் பதில்களும்

வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கத்து நம் ஆட்கள் கேட்டிருந்தவற்றுக்குப் பதில். பிளாஸ்டிக்குக்கும் பிளைவுட் பிசினுக்கும் மூலப்பொருளான ரசாயனம் பீனால்; அந்த ஆலையில் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அண்ணா, கொச்சி பக்கத்து அம்பலமுகளில் பீனால் எதிலிருந்து எடுக்கிறார்கள்? பென்சீனிலிருந்து நேராக வராதா?

நேராக எடுப்பது கஷ்டம் தம்பி. பென்சீனைவிட பீனால் சுலபமாக ஆக்சிஜனேற்றம் அடையும், அதனால் உண்டான பீனாலே மேலும் வினைப்பட்டு வீணாகும். அங்கே இந்துஸ்தான் ஆர்கானிக் கெமிக்கல்ஸ் ஆலை கியூமின் வழியில் போவது. பென்சீனோடு புரொப்பிலீன் சேர்த்தால் கியூமின், அதில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் காற்றை ஊதினால் கியூமின் ஹைட்ரோபெராக்சைடு, அதில் கொஞ்சம் கந்தக அமிலம் சேர்த்தால் பீனாலாகவும் அசிட்டோனாகவும் உடையும். ஜெர்மனியில் ஹாக், லாங் இருவரும் 1944-ல் வெளியிட்ட வழி இது.

தம்பி, என் பையனுக்கு இந்த மாதிரி ஆலையில் அப்ரண்டிஸ் கிடைத்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அக்கா, ஆனால் அவன் கவனமாக இருக்கணும். நடுவில் வரும் அந்த ஹைட்ரோபெராக்சைடுதான் ஆபத்தானது. சூடு ஏறினால் தானே சிதையும், சிதையும்போது இன்னும் சூட்டைக் கக்கும், அந்தச் சூடு சிதைவை இன்னும் வேகமாக்கும், அதனால்தான் அதைச் சுமார் 80 சதவீதத்துக்குச் செறிவாக்கும்போது வெற்றிடத்தில், குறைந்த சூட்டில் வைத்து கியூமினை ஆவியாக்கிப் பிரிக்கிறார்கள். அமிலம் சேரக் கூடாத இடத்தில் துளி சேர்ந்தாலும் விபரீதம். அலாரம் அடித்தால் 'பொய் அலாரமாக இருக்கும்' என்று யார் சொன்னாலும் அவன் நம்பக் கூடாது. இன்னொன்று, பீனால் தோலில் பட்டால் அந்த இடம் வெளுத்து மரத்துப்போகும், வலி உடனே தெரியாது, ஆனால் தோல் வழியே ரத்தத்தில் ஏறி உயிரையே எடுக்கும். உடையைக் கழற்றி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆலை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பீனால் மட்டும் எடுத்து அசிட்டோனை விட்டுவிட முடியாதா?

முடியாது. 1 டன் பீனாலோடு 0.6 டன் அசிட்டோன் வந்தே தீரும். பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கான பிஸ்பீனால்-ஏ செய்ய 2 மூலக்கூறு பீனாலுக்கு 1 மூலக்கூறு அசிட்டோன் போதும், அதனால் மீதி அசிட்டோனுக்கு வேறு வாடிக்கை பிடிக்கணும். பீனால் ஆலைக்காரர்களுக்கு ஓயாத தலைவலி இதுதான்.

பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்கு இது எதற்கு?

பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின்தான் தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட்டை ஒட்டுகிறது.

குளிர்காலத்தில் பீனால் குழாய் அடைக்குமா?

எந்தக் காலத்திலும் அடைக்கும். 41 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், அதனால் குழாயை ஒட்டி ஸ்டீம் லைன் ஓட்டித் தொட்டியையும் சூடாக வைப்பார்கள்.