காருக்குக் கண்ணாடிபோல எஞ்சின் மூடி நாமே செய்து பூட்டலாமா?

பழைய கார் ஒன்றுக்கு உள்ளே தெரியும்படி எஞ்சின் மூடி செய்ய முடியுமா, சூட்டில் உருகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். என்னுடைய 1997 ஹொண்டா சிவிக் இகே3-இல் டைமிங் பெல்டின் (பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பல் பெல்ட்) மேல்மூடிக்கு அப்படி ஒரு ஜன்னல் வைத்திருக்கிறேன். முதல் தரம் உடைந்தது, இரண்டாவது இன்றுவரை நிற்கிறது.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025-இல்தான் திரும்ப வழி திறந்தது. அந்த இடைவெளியில் கையிலிருந்த பழைய காரை எல்லோரும் பிள்ளைபோலப் பார்க்கத் தொடங்கினோம். நானும் அப்படித்தான்.

முதல் மூடிக்குக் காத்தான்குடியில் நேம்போர்ட் செய்யும் கடையொன்றில் 3 மி.மீ அக்ரிலிக் துண்டு வாங்கினேன். கடைக்கார நானா சொன்னது ஞாபகம் இருக்கிறது: "தம்பி, இது மழைக்கும் வெயிலுக்கும் நிக்கும். எஞ்சினுக்கு நிக்குமெண்டு நான் சொல்லமாட்டன்." நான் கேட்கவில்லை. 5 மி.மீ போல்ட்டுக்கு 5 மி.மீ துளையே போட்டு, நன்றாக இறுக்கிப் பூட்டினேன். நல்ல வெயிலில் கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்குப் போய்வந்து போனட்டைத் திறந்தால், இரண்டு துளைகளிலிருந்து தலைமயிர் அளவு வெடிப்பு, சிலந்தியின் கால்போல. மூன்றாம் நாள் நகம் அளவு துண்டு ஒன்று கழன்று வெளியே விழுந்தது. அது உள்ளே பெல்டுக்குள் விழுந்திருந்தால்? இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வில் முட்டும், வால்வு வளையும். அதை நினைத்து அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அக்ரிலிக் உருகவில்லை என்பதைக் கவனியுங்கள். அது இளகத் தொடங்குவது சுமார் 105 பாகை செல்சியஸில். அது நொறுங்கும் தன்மையுள்ளது, நான் விரிவதற்கு இடமும் விடவில்லை. அதனால்தான் வெடித்தது. நீங்கள் வாங்க வேண்டியது பொலிகார்பனேட், அதுவும் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக்தான். அது இளகுவது சுமார் 147 பாகையில், சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் சூட்டில் விரிவது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். 110 மி.மீ தகடு 60 பாகை கூடுதலாகச் சூடேறினால் அரை மி.மீக்குச் சற்றுக் குறைவாக நீளும். ஆகவே 5 மி.மீ போல்ட்டுக்கு 7 மி.மீ துளை போடுங்கள். முழு விஷயமும் இந்த 2 மி.மீயில்தான் இருக்கிறது.

இன்னொன்று, முழு மூடியையும் உள்ளே தெரியும்படி செய்ய வேண்டாம். வளைவுகளை வீட்டில் சூடாக்கி எடுப்பது கஷ்டம். பொலிகார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், சில மணி நேரம் 120 பாகையில் உலர்த்தாமல் வளைத்தால் உள்ளே குமிழ் குமிழாக வரும். பழைய மூடியிலேயே ஜன்னல் வெட்டி, சுற்றிவர 12 மி.மீ விளிம்பு விட்டு, அதன்மேல் தட்டையான தகட்டைப் பூட்டுவதே நல்லது. ஒரிஜினல் ரப்பரும் போல்ட் இடங்களும் அப்படியே இருக்கும். பாவித்த மூடி ஒன்றை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் தேடி எடுத்து அதில் வெட்டுங்கள், உங்கள் மூடியைப் பத்திரமாக வையுங்கள்.

வெட்டும்போது பாதுகாப்புத் தாளை உரிக்க வேண்டாம். நுண்பல் வாளால் மெதுவாக வெட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி வாளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். துளைக்குக் கீழே பலகை வையுங்கள். அப்புறம் ஓரங்களை 400, 800 இலக்க மணல்தாள்களால் தேய்த்து மழமழப்பாக்குங்கள், வெடிப்பு எப்போதும் கரடான ஓரத்திலிருந்துதான் தொடங்கும்.

தகட்டுக்கும் மூடிக்கும் இடையில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். போல்ட்டின் தட்டைத் தலை உள்ளே, நைலோன் பூட்டு நட் வெளியே. நட் கழறாமலிருக்கப் போடும் பசையைத் தொடவே வேண்டாம், பொலிகார்பனேட்டை அது வெடிக்கவைக்கும். நட்டை விரலால் இறுக்கி, ஸ்பெனர் சாவியால் இன்னும் கால் சுற்று. அது போதும்.

பூட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். போல்ட் தலைகளில் கொஞ்சம் களிமண் ஒட்டி, மூடியைப் போட்டு, கிராங்கைச் சாவியால் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். இந்த ஹொண்டா எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றுவது, மறுபக்கம் திருப்ப வேண்டாம். திரும்பக் கழற்றிப் பாருங்கள். களிமண்ணில் பெல்ட் பட்ட அடையாளம் இருந்தால் போல்ட் தலையின் உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் கராஜ் பாஸ். "உன்ட கண்ணாடி வடிவாத்தான் இருக்கு தம்பி, ஆனா மூடி இருக்கிறது மண் போகாம இருக்கத்தான்" என்றார். கல்லடியில் கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு, அதனால் அந்தப் பேச்சு எனக்கு நன்றாகவே விளங்கியது. மூடியே இல்லாமல் பெல்டைக் காட்டிக்கொண்டு ஓடும் கார்களைப் பார்த்தால் மனம் பதறும்.

இரவில் போனட்டைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஐட்லிங்கில் கிராங்க் 750 சுற்று என்றால் கேம் சக்கரம் அதன் பாதி, 375. நிறுத்திவிட்டுக் கையால் சுற்றினால் 'அப்' என்று பொறித்த எழுத்து மெல்ல மேலே ஏறி வரும். எனக்கு அதைப் பார்க்க அலுக்கவே இல்லை.

ஒருநாள் அந்த ஜன்னலின் உள்பக்கம் மெல்லிய எண்ணெய்க் கோடு ஒன்று தெரிந்தது. கேம் சீல், அதாவது கேம் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், கசிந்திருந்தது. பழைய மூடி என்றால் பெல்ட் ஊறிய பிறகுதான் தெரிந்திருக்கும். சீலை மட்டும் மாற்றினோம்.

கழுவுவதற்குச் சவர்க்காரத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். பெற்றோல், தின்னர், பிரேக் கிளீனர் எதுவும் படக்கூடாது. சேர்விஸுக்கு விடும்போது எஞ்சினுக்கு எதுவும் அடிக்க வேண்டாமென்று முதலே சொல்லிவிடுங்கள். நான் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பழையதைப் பூட்டித்தான் காரை விடுகிறேன்.