கூட்டா வேலை செய்யணும்னா பழைய பிளவை முதல்ல தீர்க்கணுமா?

வாசகர் கேள்வி: எங்க ஊர்ல சிபிஐ, சிபிஎம், எம்எல் (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்), அம்பேத்கரிஸ்ட்னு ஒரு பத்துப் பன்னண்டு பேர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்காக ஏதாவது செய்யலாம்னு கூடுறோம். கொஞ்ச நேரத்துல பேச்சு சிபிஐல இருந்து சிபிஎம் பிரிஞ்ச 1964 பிளவு, எமர்ஜென்சின்னு போய் யாராவது கோவிச்சுட்டு எழுந்து போயிடுறாங்க. எப்படிச் சமாளிக்கிறது?

பதில்: தோழர், அது வீண் சண்டைன்னு நான் சொல்லமாட்டேன். காங்கிரஸை எப்படிப் பாக்குறது, எமர்ஜென்சிய சிபிஐ ஆதரிச்சது சரியான்னெல்லாம் கேக்க வேண்டிய கேள்விதான், அதுக்காக ஜெயிலுக்குப் போனவங்க இருக்காங்க. ஆனா அதைத் தீர்த்துட்டுத்தான் கூலியப் பேசணும்னு ஒண்ணும் இல்ல.

டெல்லி விவசாயிகள் போராட்டத்தப் பாருங்க. 2020 நவம்பர் கடைசில எல்லையில உக்காந்த சங்கங்கள்ல இடதுசாரிகளும் உண்டு, இடதுன்னாலே ஆகாதவங்களும் உண்டு. மூணு வேளாண் சட்டமும் வாபஸ் ஆகணும், ஆதார விலைக்கு சட்ட உத்தரவாதம் வேணும், இதுலதான் ஒத்துப்போனாங்க. டிசம்பர் 10 மனித உரிமை நாள் அன்னைக்கு பிகேயு ஏக்தா உக்ரஹான் சங்கம் டிக்ரி எல்லைப் பக்கம், சுதா பரத்வாஜ், உமர் காலித் மாதிரி அப்ப ஜெயில்ல இருந்த செயல்பாட்டாளர்கள் படத்த வச்சு விடுதலை கேட்டாங்க. மத்த சங்கங்கள்ல பலருக்கு இது பிடிக்கல, போராட்டத்துக்கே முத்திரை குத்திடுவாங்கன்னு கவலை. அது அவங்க நிகழ்ச்சி, எங்க கோரிக்கை வேறன்னு சொல்லி ஒதுங்கிக்கிட்டாங்க, ஆனா அதுக்காக யாரும் மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்பல. 2021 நவம்பர் 19 அன்னைக்கு மோடி வாபஸ்னு அறிவிச்சப்பவும் ரெண்டு தரப்பும் அங்கதான் இருந்தாங்க.

2021 அக்டோபர்ல உ.பி. லக்கிம்பூர் கேரில போராடின விவசாயிங்க மேல கார் ஏத்தி அது கலவரமானதுக்கு அப்புறம், அதுல செத்துப்போன பாஜக தொண்டர் வீட்டுக்கு, போராட்டத் தலைவர்கள்ல ஒருத்தரான யோகேந்திர யாதவ் துக்கம் விசாரிக்கப் போனாருன்னு, சங்கங்களோட கூட்டமைப்பான சம்யுக்த கிசான் மோர்ச்சா அவர ஒரு மாசம் சஸ்பெண்ட் பண்ணுச்சு. என்னக் கேட்டா அந்தத் தண்டனை தப்பு, ஆனா அவர் கூட்டு முடிவுன்னு ஏத்துக்கிட்டார், போராட்டம் உடையல.

உங்களுக்கும் அதேதான். கூட்டு நோட்டீஸ்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட வரி மட்டும் இருக்கட்டும்: கூலி, பிஎஃப், கையுறை, பூட்ஸ். ஒருத்தருக்கு ஆகாத வரிய எடுத்துடுங்க, வேணுங்கிறவங்க அத தங்க கட்சி நோட்டீஸ்ல போட்டுக்கட்டும், அதுக்குக் குறுக்க நிக்காதீங்க. 1964-க்கு தனியா ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க, அதுல சிபிஎம் தோழர் பேசுறதுக்கு முன்னாடி சிபிஐ தரப்பு வாதத்த அவரே சொல்லணும், எதிர்ல இருக்கிறவர் ஆமா இதான்னு தலையாட்டின அப்புறம் பதில் சொல்லலாம், அடுத்து சிபிஐ தோழருக்கும் அதே விதி. வாட்ஸ்அப்ல சண்டை ஆரம்பிச்சா உடனே ஃபோன் போட்டுப் பேசிடுங்க, எழுத்துல குரல் கேக்காது, சாதாரணமா சொன்னதும் திட்டுற மாதிரி படும்.

ஒண்ணு மட்டும் ஒத்திப்போடவே கூடாது, அது சாதி. வர்க்கத்த முதல்ல பேசுவோம், சாதிய அப்புறம் பாத்துக்கலாம்னு அந்த அம்பேத்கரிஸ்ட் தோழர்கிட்ட யாராவது சொன்னா நீங்க அங்கயே தடுக்கணும். குப்பை அள்ள யார் வர்றாங்க, மேஸ்திரி அவங்கள எப்படிக் கூப்பிடுறாரு, தண்ணி எந்த டம்ளர்ல குடுக்குறாங்கங்கிறதெல்லாம் கோரிக்கைக்கு உள்ளயே இருக்கிற விஷயம், பழைய கட்சிச் சண்டையோட இத ஒண்ணா வைக்கக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தொழிலாளர்களயும் கூப்பிடுங்க, அதுலயும் பெண்கள. விடியக்காலைல வேலைக்குப் போறவங்க, அதனால ராத்திரி எட்டு மணிக்கு வைக்காதீங்க, மத்தியானம் நாலு மணி சரியா இருக்கும்.