அந்தப் பதினைந்து நிமிடம்

வாசகர் கேள்வி:

எனக்கு 51 வயது. பெரம்பூரில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் 1990இல் பத்தாம் வகுப்பு முடித்த நாங்கள் 61 பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். காலை வணக்கம், பிறந்த நாள் வாழ்த்து, பழைய பாட்டு, ராஜாவா ரஹ்மானா என்ற சண்டை, தேர்தல் வந்தால் அரசியல், எல்லாம் ஓடும். நாலு மாதத்துக்கு முன்னால் என் நெருங்கிய நண்பன் ஒரு ஃபார்வர்டு போட்டான். மதிய உணவுத் திட்டத்தை உலகத்திலேயே முதன்முதலில் கொண்டுவந்தவர் எம்.ஜி.ஆர். என்று அதில் இருந்தது. எனக்கு வரலாறு படிக்கும் பழக்கம் உண்டு. நீதிக்கட்சிக் காலத்திலேயே, 1920இல், சென்னை மாநகராட்சியில் அது வந்துவிட்டது, 1956இல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார் என்று எழுதினேன். கடைசியில், "வரலாறு தெரியாமல் கண்டதையும் ஃபார்வர்டு பண்ண வேண்டாம்" என்றும் போட்டுவிட்டேன். இரவு ஒன்பதரைக்கு ஆரம்பித்தது, 140 மெசேஜைத் தாண்டிவிட்டது. பதினொன்றே கால் வாக்கில் இன்னொருவன், நண்பனின் சாதியை இழுத்து, "சோத்துக்காக ஸ்கூலுக்கு வந்தவங்க" என்கிற மாதிரி எழுதினான். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. பதினொன்றரைக்கு நண்பன் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான்.

நாங்கள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் அம்மா நாலு வீட்டில் வேலை செய்து படிக்கவைத்தார். அவன் பள்ளியில் சத்துணவு சாப்பிடுவான். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலையில் இருந்ததால் எனக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் வரும். போன மாதம் அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். குரூப்பில் பாதிப் பேரைக் கூப்பிட்டான், என்னைக் கூப்பிடவில்லை. குரூப்பே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள் என்கிறாள் மனைவி. நான் சொன்னது சரியான தகவல்தானே? என் தப்பு என்ன? இனிமேல் அரசியலே பேசாமல் இருந்துவிடலாமா?

(பெயர் வேண்டாம், பெரம்பூர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

தகவலை முதலில் பார்த்துவிடலாம். நீங்கள் முதலில் கேட்டிருப்பது அதைத்தான்.

நீங்கள் சொன்ன இரண்டு ஆண்டுகளும் சரி. பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்கு பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட முடிவானது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போகிறார்கள் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த ஏற்பாடு இடையில் நின்றும் போனது. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் முழுவதற்கும் போனதற்குப் பின்னால் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு இருந்தார். ஊர் ஊராக மக்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் காசும் இருந்தன. இதை நீங்கள் எழுதியிருந்தால் நண்பருக்கும் பிடித்திருக்கும்.

ஆனால் நீங்கள் 1956இல் நிறுத்திக்கொண்டீர்கள். 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பழையதன் பெயர் மாற்றம் கிடையாது. பால்வாடிக் குழந்தைகள் வரை போன திட்டம் அது. முதலில் கிராமங்கள், அதே ஆண்டில் நகரங்கள். சமையலுக்கும் உதவிக்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. அதில் விதவைகளும் ஆதரவற்றவர்களும் நிறைய. சின்ன வயதில் தான் கிடந்த பட்டினிதான் இதற்குக் காரணம் என்று எம்.ஜி.ஆரே சொல்லியிருக்கிறார். 1989இல் கலைஞர் ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது. நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2001இல். 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் வந்துவிட்டது. நூறு வருஷமாக ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ஊற்றி வளர்த்த உலை இது. "முதன்முதலில் யார்" என்று கேட்டால் ஒருத்தர் பெயர்தான் வரும், மற்றவர்களுக்காகப் பேச வருகிறவருக்குக் கோபம்தான் வரும். அப்படிப்பட்ட கேள்வியைத்தான் அந்த ஃபார்வர்டை எழுதிய யாரோ ஒருவர் கிளப்பிவிட்டார். "உலகத்திலேயே முதன்முதலில்" என்று ஆரம்பிக்கும் எந்தச் செய்தியையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். ஃபார்வர்டு தப்பு. உங்கள் திருத்தம் சரி, ஆனால் பாதிதான். சரி, கணக்கு இத்தோடு முடிந்தது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிக்கு வருகிறேன். அவன் பள்ளியில் சத்துணவு சாப்பிடுவான், எனக்கு டிபன் பாக்ஸ் வரும்.

1982இல் நீங்கள் இருவரும் மூன்றாம் வகுப்பு. மணி அடித்ததும் நீங்கள் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்திருப்பீர்கள். அவர் அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவில் வரிசையில் போய் உட்கார்ந்திருப்பார். சூடாகச் சோறு, அதன் மேல் சாம்பார், தட்டின் அடிப்பக்கம் தொடையைச் சுடும். அந்தச் சாப்பாடு கிடைத்த அன்றைக்கு அவர் அம்மாவுக்கு ஒரு வேளைக் கவலை இல்லை. 1920இல் தியாகராயர் போட்டது அவர் அப்பா தலைமுறையின் தட்டில்கூட விழுந்திருக்காது. 1982இல் எம்.ஜி.ஆர். போட்டது அவர் தட்டில் விழுந்தது. ஃபார்வர்டில் அவர் தேடியது வரலாறு இல்லை. தனக்குச் சோறு போட்டவருக்கு நன்றி சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தது, போட்டார். அதற்குப் பதிலாக உங்களிடமிருந்து போனது, "வரலாறு தெரியாமல்" என்ற சொல். டிபன் பாக்ஸ் கொண்டுவந்தவர் தட்டு ஏந்தியவரிடம் சொன்ன சொல்லாக அது அவர் காதில் விழுந்திருக்கலாம். நீங்கள் அப்படி நினைக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் இதற்காக மட்டும் அவர் வெளியேறியிருப்பார் என்று நான் நம்பவில்லை. நேரத்தைப் பாருங்கள். ஒன்பதரையிலிருந்து பதினொன்றே கால் வரை, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், அவர் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு அங்கேயேதான் இருந்தார். எம்.ஜி.ஆருக்காக வாதாடினார், நீங்கள் சொன்னதை மறுத்தார், கோபப்பட்டார். போகவில்லை. சாதியை இழுத்து அந்த வரி வந்த பிறகு பதினைந்து நிமிடம் இருந்தார். அப்புறம்தான் போனார்.

அந்தப் பதினைந்து நிமிடம் அவர் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? யாராவது ஒருத்தர் கேட்பார் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். 60 பேரில் எத்தனை பேர் அப்போது விழித்திருந்தார்களோ தெரியாது. நீங்கள் விழித்திருந்தீர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து கூட இருந்தவர். நீங்கள் கண்டுகொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும். "என் தப்பு என்ன" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். வரலாற்றில் நீங்கள் தப்பு செய்யவில்லை. அந்த இடத்தில் பேசாமல் இருந்தீர்கள். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் மன்னியுங்கள். மெதுவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

என் வீட்டிலும் ஒன்று நடந்தது. உங்களுக்கு நேர்ந்த அளவுக்குப் பெரிதில்லை, ஆனால் இன்னும் உறுத்துகிறது. எங்கள் குடும்பக் குரூப்பில் சித்தப்பா ஒரு செய்தி போட்டார். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்று பல வருஷமாகச் சுற்றும் பொய். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் நான் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். அதன் பிறகு சித்தப்பா எதுவும் போடுவதில்லை. ஆறு மாதம் கழித்துச் சூளைமேட்டில் அவர் வீட்டுக்குப் போனபோது, கண்ணாடி போட்டுக்கொண்டு குரூப் மெசேஜ் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். ஏன் சித்தப்பா எதுவும் எழுத மாட்டேங்கறீங்க என்று கேட்டேன். "எதுக்கும்மா, தப்பா போட்டுடுவேன்" என்றார். எனக்குப் பேப்பர் படிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அன்றிலிருந்து, வயதானவரோ நண்பரோ, திருத்த வேண்டியிருந்தால் தனியாகத்தான் அனுப்புகிறேன். பெரும்பாலும் போன் பண்ணிவிடுகிறேன்.

ஆனால் சாதிச் சொல்லுக்கு இந்த விதி பொருந்தாது. அதைத் தனியாகப் போய்த் திருத்தக் கூடாது. எல்லாரும் பார்க்க எழுதியதை எல்லாரும் பார்க்கவே கேட்க வேண்டும்.

அதனால் முதல் வேலை குரூப்பில். நாலு மாதம் ஆகிவிட்டதே என்று யோசிக்காதீர்கள். நீளமாக எழுத வேண்டாம். "அன்றைக்கு ராத்திரி சாதியை வைத்து எழுதியது தப்பு. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. எழுதியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்." இவ்வளவு போதும். அட்மினிடம் போன் போட்டு, அந்த ஆளிடம் அவர் நேரில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். சிலர் "பழசை ஏன் கிளறுகிறாய்" என்பார்கள். கிளறுங்கள். நண்பர் அங்கே இல்லை, அவர் பார்க்க மாட்டார் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அந்த 60 பேரில் வேறு யார் யார் அந்த வரியைப் படித்துவிட்டுத் தூங்காமல் கிடந்தார்களோ.

இரண்டாவது, அவர் வீட்டுக்குப் போங்கள். மெசேஜ் வேண்டாம், வாய்ஸ் நோட்டும் வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிடவில்லை என்ற பேச்சையே எடுக்காதீர்கள். 1920, 1956 எதுவும் வேண்டாம். "டேய், அன்னிக்கு அவன் அப்படி எழுதினப்போ நான் கேட்டிருக்கணும்டா. கேக்காம விட்டுட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். குரூப்பில் எழுதிவிட்டேன் என்பதைப் பெருமையாகக் காட்டாதீர்கள், போனை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் பேசாமல் இருந்தாலும் உட்கார்ந்திருங்கள். அவராகப் பேச ஆரம்பித்தால், அந்தச் சத்துணவு எப்படி இருக்கும் என்று கேளுங்கள். எட்டு வருஷம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? யார் சமைத்தார், எந்த நாளில் என்ன போட்டார்கள், விடுமுறை வந்தால் மதியத்துக்கு என்ன செய்தார் என்பதெல்லாம் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. கன்னிமாரா நூலகத்தில் தேடினாலும் கிடைக்காது.

இனி, அரசியல் பேசாமலே இருந்துவிடலாமா என்ற கேள்வி. வேண்டாம். "இந்த குரூப்பில் அரசியல் பேசக் கூடாது" என்ற விதி எனக்கு எப்போதுமே பிடிக்காது. நம் ஊரில் அதை எப்படிப் பிரிப்பீர்கள்? அண்ணா, கலைஞர் வசனம் எழுதியவர்கள். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா நடித்தவர்கள். நாலு பேரும் கோட்டையில் உட்கார்ந்தவர்கள். சென்னையில் ஒரு பழைய பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே மூன்றாவது வாக்கியத்தில் அரசியல் வந்து நிற்கும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதும் அரசியல்தான். பேசுங்கள்.

பேசும் இடம் மாறிவிட்டது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். டீக்கடையில் ஒரே தினசரியை ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டு நம் அப்பாக்கள் போடாத சண்டையா? ஆனால் அங்கே எதிராளியின் முகம் தெரியும். அவர் குரல் கம்மினால் நாம் நிறுத்திவிடுவோம். கிளாஸ் காலியாகும், ஷிஃப்டுக்கு நேரமாகும், சண்டை தானாக முடியும். குரூப்பில் முடிய வைக்க யாரும் இல்லை. 60 பேர் வேடிக்கை பார்க்கும்போது நண்பனிடம் தோற்கக்கூட மனம் வருவதில்லை. ஒரே ஆளுக்கு மூன்றாவது முறை பதில் எழுதும்போது நிறுத்திவிட்டுப் போன் போடுங்கள். இரவு பத்துக்கு மேல் யாரையும் மறுக்காதீர்கள், காலையில் மறுத்தால் வரலாறு மாறிவிடாது. மெசேஜின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது, அனுப்பியவர் எழுதியதில்லை. அவர்மேல் கோபப்பட அதில் ஒன்றுமில்லை.

குரூப்பை விட்டு வெளியேறுவதைப் பற்றி: உங்கள் மனைவி உங்கள் நிம்மதிக்காகச் சொல்கிறார், புரிகிறது. ஆனால் இப்போது நீங்கள் வெளியேறினால் அந்தச் சாதி வரியை எழுதியவர் உள்ளே இருப்பார், நீங்கள் இருவரும் வெளியே இருப்பீர்கள். இருங்கள். நண்பரை மறுபடி சேர்க்கச் சொல்லி அட்மினைத் தொந்தரவு செய்யாதீர்கள். வருவதும் வராமல் இருப்பதும் அவர் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பாரா என்று அவர் மனைவியிடம் மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். அவர் அம்மா இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.